பாஸ்டன் செல்டிக்ஸ்: பந்தைக் கொடுக்கத் தெரிந்த கைகள்

"பாஸ்டன் என்ற பேரிலேயே பாஸ் இருக்கிறதே சார்" என்று ஒரு வாசகர் ஆரம்பித்து வைத்தார். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைப் பற்றி அதன்பின் வந்த கேள்விகளில் சில.

செல்டிக்ஸ் வரலாற்றில் தலைசிறந்த பாஸர் யார்? மழுப்பாமல் ஒரே பேர் சொல்லுங்கள்.

லேரி பேர்டு. அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட வழிசெய்த பாஸ்) பட்டியலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் தெரியும். பாப் கூஸி 6,945, ஜான் ஹாவ்லிசெக் 6,114, அதற்கப்புறம்தான் பேர்டு, 5,695. ஆனால் கூஸி பாயிண்ட் கார்டு, ஆட்டத்தை நடத்துபவர், பந்து எந்நேரமும் அவர் கையில். பேர்டு ஃபார்வர்டு, கூடைப் பக்கம் ஆடுபவர். பந்து வருவதற்கு முன்பே அதை யாருக்குத் தள்ளுவது என்று முடிவு பண்ணி வைத்திருப்பார்.

1987 மே 26. கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுடன் ஐந்தாவது ஆட்டம். ஐந்து நொடி பாக்கி, டெட்ராய்ட் ஒரு புள்ளி முன்னால், பந்தும் அவர்களுடையது. ஐசையா தாமஸ் கோட்டுக்கு வெளியே நின்று பில் லாம்பீருக்குப் பந்தைப் போட, பேர்டு பாய்ந்து பறித்துவிட்டார். இன்றுவரை எல்லோரும் பறித்ததையே பேசுகிறார்கள். எனக்கு அதற்கடுத்த கணம்தான் பெரிது. ஓடிவந்த வேகத்தில் உடம்பு எல்லைக்கோட்டுக்கு வெளியே சாய்கிறது. அந்தச் சாய்விலேயே திரும்பி, கூடையை நோக்கி ஓடிவரும் டெனிஸ் ஜான்சனைப் பார்த்து, அவர் கைக்குப் பந்து போய்விட்டது. லே-அப், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஓடிவந்து போடும் ஷாட். 108-107. வேறு யாராக இருந்தாலும் அவசரத்தில் தானே ஷாட் எறிந்திருப்பார்கள்.

கூஸி காலத்தில் தடுப்பாட்டமே கிடையாதாமே? ஒரே ஆட்டத்தில் 28 அசிஸ்ட் எடுத்தது அதனால்தானா?

அது 1959 பிப்ரவரி 27, எதிரே மினியாபொலிஸ் லேக்கர்ஸ், ஸ்கோர் 173-139. அன்றைக்கு யாராவது தடுத்தார்களா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு நாள் கூத்தை வைத்து அவரை எடை போடமுடியாது. 1952-53 முதல் 1959-60 வரை எட்டு சீசன், லீக்கில் அசிஸ்ட் முதலிடம் அவருக்குத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் லீக் முழுக்கவே நூறு ஷாட்டுக்கு நாற்பதுகூட விழாது. என்னதான் அருமையாகப் பந்தைக் கொடுத்தாலும், வாங்கியவர் கூடையில் போட்டால்தானே அசிஸ்ட்!

இடது கை பழகியதும் ஒரு விபத்தால்தான். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்தபோது, சும்மா இருக்கமுடியாமல் இடது கையால் ஆடப் பழகிக்கொண்டார். பிற்பாடு முதுகுக்குப் பின்னால் பந்தைக் கை மாற்றியபோது அரங்கமே வாய்பிளந்தது. இவரைப் பாஸ்டன் விரும்பி எடுக்கவும் இல்லை. 1950ல் சிகாகோ ஸ்டாக்ஸ் அணி கலைந்ததும், அதன் மூன்று வீரர்களின் பேரைத் தொப்பியில் போட்டு மூன்று அணிகள் குலுக்கி எடுத்தன. எல்லோருக்கும் மேக்ஸ் ஸாஸ்லாஃப்ஸ்கி மேல்தான் கண். பாஸ்டனுக்கு விழுந்த சீட்டில் கூஸி. முகம் சுளித்துக்கொண்டே வாங்கினார்கள்.

பில் ரஸ்ஸலையும் பாஸர் என்று சேர்க்கலாமா?

தாராளமாக. ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பிவரும் பந்தைப் பிடித்து, தரையில் கால் பாவுவதற்குள் ஓரத்தில் நிற்கும் கூஸிக்குப் பந்து போய்ச்சேர்ந்துவிடும். ஃபாஸ்ட் பிரேக், எதிரணி சுதாரிப்பதற்குள் பாய்ந்து தாக்குவது, அங்கேதான் பிறக்கிறது, ஆனால் அந்த முதல் பாஸுக்கு ஸ்கோர்ஷீட்டில் எதுவும் ஏறாது. ரஸ்ஸல் வருவதற்கு முன்பே கூஸி நான்கு முறை அசிஸ்டில் முதலிடம். கோப்பை மட்டும் இல்லை. ரஸ்ஸல் வந்த அந்த சீசனிலேயே, 1957ல், முதல் கோப்பை.

பின்னாளில் வந்த செல்டிக்ஸ் பாயிண்ட் கார்டு ராஜான் ராண்டோ அசிஸ்ட் எண்ணிக்கைக்காகவே ஆடினார் என்கிறான் என் நண்பன். உண்மையா?

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தொடர்ந்து 37 ஆட்டங்களில் பத்துக்குக் குறையாமல் அசிஸ்ட் எடுத்துவந்த அந்த நாட்களில், தானே போடவேண்டிய லே-அப்பைக்கூட விட்டுவிட்டு வெளியே பந்தைத் தள்ளுவார். பார்க்க எனக்கே எரிச்சலாக இருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் பந்தைக் கொண்டுபோவதுபோல் போக்குக் காட்டி, தடுப்பவர் ஏமாந்த நேரத்தில் மறுபடி முன்னால் கொண்டுவருவாரே, அந்த அகன்ற கைகள் இல்லாமல் அது நடக்காது. செல்டிக்ஸில் ஆட்டத்துக்குச் சராசரி 8.5 அசிஸ்ட், கூஸியைவிட அதிகம். 2012 மார்ச்சில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 18 புள்ளி, 17 ரீபவுண்ட், 20 அசிஸ்ட் எடுத்ததை எந்தப் பேராசைக் கணக்கில் எழுதுவது?

எங்கள் ஊர் டோர்னமெண்டில், ஷாட் போடும்போது ஃபவுல் ஆகி ஃப்ரீ த்ரோ விழுந்ததற்கும் அசிஸ்ட் போட்டார்கள். இது சரியா?

சரிதான். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் கணக்குப்படி ஒரு ஃப்ரீ த்ரோ விழுந்தாலே பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு. என்பிஏவில் கிடையாது.

பழைய செல்டிக்ஸ் ஆட்டம் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

1985-86 சீசன். பில் வால்டன் கால் முழுக்கக் காயங்களோடு வந்து, பெஞ்சிலிருந்து இறங்கி ஆடிய வருஷம். பேர்டு அவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, அவரையே சுற்றிக்கொண்டு கூடைப் பக்கம் வெட்டி ஓடுவார். வால்டன் தலைக்கு மேலே பந்தைப் பிடித்தபடி காத்திருந்து, சரியான அடியில் திருப்பிக் கொடுப்பார். இரண்டு பெரிய உருவங்கள், நடுவே பந்து ஒருமுறைகூடத் தரையைத் தொடாது. அந்த சீசனில் சொந்த மண்ணில் 40 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. தோற்கடித்தது போர்ட்லாந்து, வால்டனின் பழைய அணி.