மணலில் வண்டி: வாசகர் கேள்வி, பட்டறைக்காரர் பதில்

கேள்வி: மஸ்கட் ரூவியில் வேலை பார்க்கிறேன், அண்ணே. டிசம்பர் விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஓமானின் வாஹிபா மணல் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாடகைக்கு எடுக்கப் போகிறேன். நாங்கள் ஒரு குடும்பம்தான், ஒரு வண்டி போதும். டயரில் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: காற்று இருக்கட்டும் தம்பி. 'ஒரு வண்டி போதும்' என்று எழுதியிருக்கிறீர்களே, போதாது. பாலைவன ஓரத்து ஊரான பிதியாவிலிருந்து கூடார விடுதிகளுக்குப் போகும் தடத்தில் பகல் முழுக்க வண்டி ஓடும்; அதுவரை தனியாகப் போகலாம். அதைத் தாண்டினால் இன்னொரு வண்டி கட்டாயம் வேண்டும். புதைந்த வண்டியை இழுக்க இன்னொரு வண்டிதான் வர வேண்டும், உள்ளே கைப்பேசி எல்லா இடத்திலும் எடுக்காது. வாடகைக்காரரிடம் இன்ஷூரன்ஸ் மணலுக்குச் செல்லுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் செல்லாது.

இப்போது காற்று. தார் ரோட்டில் 35 பி.எஸ்.ஐ. என்றால் மணல் தொடங்கும் இடத்தில் 15 முதல் 18 வரை இறக்குங்கள். ஒட்டகம் கால் வைக்கும்போது பாதம் விரிகிறதே, அதே கணக்கு. டயர் தரையில் படும் இடம் நீளும், பாரம் பரவும், வண்டி மணலின் மேலேயே ஓடும். ஆனால் 10க்குக் கீழே போய்விட்டு ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலுக்கு முன்னால் வரும் அல் மின்தரிப் ஊரில் ரோட்டோரம் இருக்கும் டயர் கடைகளில் இறக்கியும் தருவார்கள், திரும்பும்போது ஏற்றியும் தருவார்கள். ஏற்றாமல் 120இல் மஸ்கட்டுக்கு விரட்டினால் டயர் சூடேறி வழியிலேயே வெடிக்கும்.

மாட்டிக்கொண்டால் முதல் வேலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டும். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் எந்த இன்ஜினும் உதவாது. இறங்குங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாருங்கள். காற்றை இன்னும் இரண்டு மூன்று இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் இழுபட்டையை மாட்டி இன்னொரு வண்டியால் இழுக்க வேண்டும். அதை வண்டியை இழுப்பதற்கென்றே இருக்கும் ரெக்கவரி கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது ஒடிந்து பறந்து, கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்ற விபத்துகள் உண்டு.

கேள்வி: வாஹிபாவை வடக்கிலிருந்து தெற்கே கடல் வரை குறுக்கே கடக்க முடியுமா? (ஒரு வாசகர், சூர்)

பதில்: முடியும். வடக்கு தெற்காகச் சுமார் 180 கிலோமீட்டர். பெரிய மேடுகளும் அதே திசையில் நீண்டு கிடப்பதால், இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஓட்டிக்கொண்டே போகலாம். கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிறேன் என்பவர்களுக்குத்தான் நாக்குத் தள்ளும்.

மேட்டைத் தாண்டும்போது காற்று வீசும் பக்கம் சரிவு மெதுவாக இருக்கும். மறுபக்கம் மணல் தானே சரிந்து விழுந்த பக்கம், 30 பாகைக்கு மேல் சாய்வு. உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாயாதீர்கள். ஒருவர் நடந்து போய்ப் பார்த்து வரட்டும். இறங்கும்போது மூக்கு நேர் கீழே நோக்கி இருக்க வேண்டும். குறுக்கே திரும்பினால் வண்டி உருளும். பின்பக்கம் வழுக்கித் திரும்புவது போலிருந்தால் பிரேக்கைத் தொடாமல் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள், நேராகிவிடும்.

தெற்கே பர் அல் ஹிக்மான் பக்கம் போனால் சப்கா வரும். மேலே உப்புப் பொருக்கு, பார்க்கச் சிமென்ட் தரை மாதிரி, அடியில் சேறு. பழைய டயர் தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகாதீர்கள். மணலில் புதைந்த வண்டியை எடுத்துவிடலாம், சேற்றில் இறங்கியதை எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

பெட்ரோல்? ரோட்டில் குடிப்பதைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூடாரத்தில் சமைக்க விறகுக்கு அங்கே மரம் இருக்குமா? (ஒரு வாசகி, சோஹார்)

பதில்: இருக்கும்மா, ஆனால் கை வைக்காதீர்கள். மணலின் ஓரத்தில் காஃப் மரங்கள் தோப்பாகவே நிற்கும். அது வேறொன்றும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே இனம். ஆணிவேரை ஆழத்தில் இருக்கும் ஈரத்துக்கு அனுப்பி உயிரோடு இருக்கிறது. பாலைவனத்து நாடோடிகளான பதுக்களின் ஆடும் ஒட்டகமும் அதன் தழையைத் தின்றுதான் பிழைக்கின்றன. காய்ந்து கிடக்கும் கிளையையும் விட்டுவிடுங்கள். மஸ்கட்டிலிருந்தே கரி வாங்கிக்கொண்டு போங்கள். மாலையில் காற்று எழும்பினால் சோற்றில் மணல் கடிக்கும். வெளிச்சத்திலேயே சமைத்துவிடுவது நல்லது. ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், டிசம்பர் ராத்திரி நடுங்கவைக்கும்.

கேள்வி: தேள் பயம் இருக்கிறது. பையனுக்கு எட்டு வயது. (அதே வாசகி)

பதில்: செருப்பு, ஷூ எல்லாவற்றையும் காலையில் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும், ராத்திரி வெறுங்காலோடு யாரும் இறங்கக் கூடாது. புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும், பத்தடி தள்ளியே தெரிந்துவிடும். டார்ச்சைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். ஒன்றைக் கண்டுவிட்டால் விடிய விடியத் தேடிக்கொண்டிருப்பான்.