மீன் போன இடத்தில் என்ன வைத்தீர்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. நாகர்கோவில் பக்கம் ஊர். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டபோது அசைவத்தை நிறுத்தினேன். மாலையைக் கழற்றிய பிறகும் சாப்பிடத் தோன்றவில்லை, அப்படியே சைவமாகிவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. உடம்பு லேசாகும் என்றார்கள். எனக்கோ நான்கு கிலோ கூடி 65 ஆகிவிட்டது. சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் அடங்காத பசி. கவிச்சி ஒட்டக்கூடாது என்று தனிப் பாத்திரம் கேட்டேன். அம்மாவுக்கு 68 வயது. மனம் வருந்தி, வீட்டில் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். போன வாரம் மைத்துனர் வீட்டில் வறுத்த நெத்திலி வாசனை தாங்காமல் இரண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து குற்ற உணர்வாக இருக்கிறது. சைவம் எனக்கு ஒத்துவரவில்லையா?

பதில்: தம்பி, நெத்திலி இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். மீனை எடுத்துவிட்டீர்கள், சரி. அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்? கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்தால் பக்கத்தில் மீன்கறி இருக்கும். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் 1880களில் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு அது. பசியை அடக்கும், ஆனால் 100 கிராம் கிழங்கில் இரண்டு கிராம் புரதம்கூட இராது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது சாளையும் நெத்திலியும்தான். இப்போது நீங்கள் மீனை விலக்கிவிட்டு, கிழங்கையும் மிளகாய்ச் சம்மந்தியையும் (துவையல்) மட்டும் சாப்பிட்டால் நான்கு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பசிக்கு டீக்கடை வடையும் பழம்பஜ்ஜியும் போயிருக்கும். நான்கு கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நானும் இதே கூத்தை ஆடியவள்தான். நான் சைவமாகி 22 ஆண்டுகள் ஆகின்றன. உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. புரட்டாசியில் விட்டதை ஐப்பசியில் தொடங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் வருடம் முழுக்க சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று தைரியம். எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடத் தனியாக ஆள் வைக்க வேண்டும் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்களுக்கு ஏறக்குறைய 54 கிராம். சமைக்காத சிறுபயறு, கொள்ளு, காராமணி எதுவானாலும் 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாது, நிலக்கடலையில் 25, மீல் மேக்கரில் 50. ஆகவே இந்தப் பயறுகளைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைத்தால் போதாது, அள்ளிச் சாப்பிடும் அளவுக்கு வேண்டும். புட்டுக்குப் பயறு உங்கள் ஊர் வழக்கம்தான். கிழங்குக்கும் அதையே வையுங்கள். மத்தியானம் ஒரு கிண்ணம் தயிர், நான்கு மணிக்கு ஒரு பிடி வறுத்த கடலை. இதற்கு மேல் புரதப் பொடி டப்பா எதுவும் தேவைப்படாது.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர டீ விடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர வைக்கும்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நான்காவது வருடம் எனக்குப் பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. எறும்பு ஊர்வது போல இருக்கும். செருப்பு காலை விட்டுக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். வயதாகிறது என்று இருந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் பார்த்தால் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் கிடந்தது. வாரக்கணக்கில் ஊசி போட்டுத்தான் மீண்டேன். பி12 பருப்பிலும் இல்லை, கீரையிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் வரும். காபியில் விழும் நாலு கரண்டிப் பாலை, 'பால் குடிக்கிறேன்' என்று நான் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்! ஈரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும். அது தீரும்வரை உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. ஐந்து மாதத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகியிராது. என்றாலும் இப்போது ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோர்வாக இருக்கிறதென்று ஃபோலிக் அமில மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ரத்தசோகை சரியானது போலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். மருத்துவர் சொல்லட்டும்.

இதே பி12தான் உங்கள் அம்மாவைப் பற்றியும் என்னைப் பேச வைக்கிறது. வயது ஏற ஏறச் சாப்பாட்டிலிருந்து அதை உறிஞ்சும் திறன் குறையும். வீட்டில் மீன் யாருக்கு அவசியமோ அவர் தட்டிலிருந்தே அது போய்விட்டது. சைவமானது நீங்கள், பத்தியம் இருப்பது அவர். இது எந்த ஊர் நியாயம், தம்பி? பாத்திரம் தனியாக வேண்டும் என்பதில் தவறில்லை. நானும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். கேட்ட விதம்தான் சரியில்லை. 38 வயது மகனுக்காக 68 வயதில் இரண்டு குழம்பு வைக்க வேண்டுமே என்று மலைத்துத்தான் அவர் மீனை நிறுத்தியிருப்பார் என்பது என் சந்தேகம். உங்கள் குழம்பை நீங்களே வையுங்கள்.

உள்ளித் தீயலில், அதாவது சின்ன வெங்காயப் புளிக்குழம்பில், தொடங்குங்கள். தேங்காயைச் சிவக்கச் சிவக்க வறுத்து, மல்லி, மிளகாய், மிளகோடு அரைத்துப் புளியில் கொதிக்கவிட்டால், பாதி ஏக்கம் அதிலேயே தீரும். மதுரைக்காரியான நான் அயிரை மீனுக்காக ஏங்குவதாகத்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாக்கு கேட்டதெல்லாம் மண்சட்டியில் சுண்டிய அந்தப் புளிக்குழம்பையும் மறுநாள் பழையதையும்தான். மொச்சையைப் போட்டு வைத்தேன், அடங்கிவிட்டது. (நெத்திலியின் மொறுமொறுப்புக்கு ஈடாக வாழைப்பூவை வறுத்துப் பார்த்தேன். தேறவில்லை; உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.)

அந்த இரண்டு நெத்திலிக்கு வருகிறேன். பால் குடிப்பதில்லை என்று 1912-இல் விரதம் எடுத்தவர் காந்தி. 1918-இல் நோயில் விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது, விரதம் எடுக்கையில் பசும்பாலையும் எருமைப்பாலையும்தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழிகாட்டியவர் கஸ்தூரிபா. காந்தி குடித்தார், அந்த உறுத்தலை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அதற்காக அவரைச் சைவர் இல்லை என்று யாரும் தள்ளிவிடவில்லை. உங்களுடையது நோயும் இல்லை, வெறும் வாசனை. இரண்டோடு நிறுத்தினீர்களே! மைத்துனர் வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போய் அம்மாவுக்குப் பிடித்த மீன் அரை கிலோ வாங்குங்கள். செதில் உரசி, துண்டு போட்டுத் தரச் சொல்லி மீன்காரம்மாவிடமே கேட்டால் செய்து கொடுத்துவிடுவார். நீங்கள் கையால் தொட வேண்டியதில்லை. பழைய மண்சட்டி அம்மாவுக்கே இருக்கட்டும். உங்கள் தீயலுக்குத் திரும்பும் வழியில் ஒரு புதுச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பழக்க இரண்டு மூன்று நாளாவது கஞ்சித் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும். எப்படி என்று அம்மாவிடம் கேளுங்கள்.