ஒரே நாளில் தேர்தல் நடந்தும் தொகுதிக்குத் தொகுதி வாக்குப்பதிவு ஏன் இவ்வளவு மாறுபடுகிறது?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு நடந்தது. மாநில அளவில் 69.72 விழுக்காடு பதிவானது. தருமபுரி 81 விழுக்காட்டைத் தாண்டியது, மத்திய சென்னையோ 54 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

நகரத்து மக்களுக்கு அக்கறையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயமன்று என்றே கருதுகிறேன். பதிவான வாக்குகளை வாக்காளர் பட்டியலிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையால் வகுத்தே விழுக்காடு கணக்கிடப்படுகிறது. அடிக்கடி வாடகை வீடு மாறுவோர் மிகுந்த சென்னையில், குடிபெயர்ந்தோர், இறந்தோர் ஆகியோரின் பெயர்கள் நீக்கப்படாமல் தங்கிவிடும்போது, வாக்களிக்க வந்தவர்கள் குறையாமலேயே விழுக்காடு குறைந்துவிடுகிறது. சென்னையில் வாழ்ந்தும் சொந்த ஊரிலேயே பெயரை வைத்திருப்போர், பேருந்து பிடித்துப் போய் வாக்களித்தால் அது அந்த ஊர்க் கணக்கிலேயே சேரும். கிராமத்திலோ (இது முக்கியமானது) யார் இன்னும் வாக்களிக்கவில்லை என்பது மதியத்துக்குள் வாக்குச்சாவடியிலுள்ள கட்சி முகவர்களுக்குத் தெரிந்துவிடுவதால், வீடு தேடிச் சென்று அழைக்கிறார்கள்.

வாக்குப்பதிவு நாளன்று மாலை மாநில அளவில் அறிவிக்கப்பட்ட 72.09 விழுக்காடு தோராயமானதே. வாக்குச்சாவடி வாரியாக உறுதியான எண்ணிக்கை வேண்டுவோர், வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர்களுக்கு நகல் தரப்படும், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தையே பார்க்க வேண்டும்.