டி5 குழல் விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறும்போது பவளங்களை எப்படிப் பழக்குவது?

மூன்றடித் தொட்டி, இரண்டு வருடமாக டி5 குழல் விளக்கு, உள்ளே மஷ்ரூம், சோவாந்திட், ஒரு லெதர் என மென்பவளங்கள். காரைக்குடியில் வீடு. எல்இடி வாங்கி வைத்துவிட்டு, முதல் நாளே முழு வெளிச்சம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் பக்கத்தில் கானாடுகாத்தானில் அதே அளவு தொட்டி வைத்திருக்கிறேன். இதே மாற்றத்தைச் செய்து, கிட்டத்தட்ட ஒரு பவளத்தைப் பறிகொடுக்கும் நிலைக்குப் போய் மீண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. ஒளியை வாங்கி உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுப்பது அதுதான். குறைந்த வெளிச்சத்தில் இருக்கும் பவளம், கிடைக்கிற ஒளியை ஒன்றுவிடாமல் பிடிக்க இந்தப் பாசியையும் அதன் நிறமியையும் கூட்டி வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் திடீரென்று கடும் ஒளி விழுந்தால், பாசி தாங்க முடியாத அளவுக்கு ஆக்சிஜன் சார்ந்த நச்சுகளை உண்டாக்கிவிடும். பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பாசியையே வெளியே தள்ளும். நாம் வெளுப்பு என்று சொல்வது இதைத்தான். வெளுத்த பவளம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் சமையல்காரரை அனுப்பிவிட்ட வீடு மாதிரி, பட்டினி தொடங்கிவிட்டது.

இந்த மாற்றத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, டி5 குழல்களின் ஒளி ஒன்பது மாதம், ஒரு வருடத்திலேயே கணிசமாக மங்கிவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. இரண்டு வருடமாகக் குழலை மாற்றவில்லை என்றால், உங்கள் பவளங்கள் நீங்கள் நினைப்பதைவிட இருட்டில்தான் பழகியிருக்கின்றன. அடுத்தது நீல ஒளி. எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும். நம் கண்ணுக்கு நீலம் மங்கலாகப் படும், பாசிக்கோ நீலம்தான் நன்றாகச் செரிக்கும். 'ஒண்ணும் வெளிச்சமே இல்லையே' என்று கண்ணை நம்பிக் கூட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் பவளத்தை வெளுக்க வைக்கிறார்கள். மூன்றாவது, குழல் விளக்கு நீளவாக்கில் ஒளியைப் பரப்பும். எல்இடி தனக்கு நேர்கீழே ஒளியைக் குவிக்கும். அந்த இடத்தில் முதல் மாதம் எதையும் வைக்காதீர்கள். லெதரை அடிமணலுக்கு இறக்கி ஓரமாக வையுங்கள்.

பவளத்துக்குப் போய்ச் சேரும், பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவைப் 'பார்' (PAR) என்பார்கள். அதைப் பார் மீட்டர் என்ற கருவியால் அளப்பார்கள். மஷ்ரூமுக்கு 50 முதல் 100 வரை, சோவாந்திட்டுக்கும் லெதருக்கும் 100 முதல் 150 வரை இருந்தால் தாராளம். யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு நாள் வாங்கி அளந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் கைபேசியின் லக்ஸ் செயலி இருக்கிறது. அது நீல ஒளியைச் சரியாக எண்ணாது. டி5 அளவையும் எல்இடி அளவையும் அதில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆனால் அதே எல்இடியில், நிறக்கலவையை மாற்றாமல், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்க அது போதும்.

நான் 25 சதவீதத்தில் தொடங்கினேன். ஒரு வாரம் தொடவே இல்லை. அப்புறம் வாரத்துக்கு ஐந்து சதவீதம். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம், அதில் மாற்றமில்லை. உங்கள் விளக்கில் பழக்கும் முறை என்று தனியாக ஓர் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். நான்கு வாரமாவது வையுங்கள். அளவைக் குறைக்க வசதியில்லாத விளக்கு என்றால் விளக்கை உயர்த்திக் கட்டுங்கள். இல்லையென்றால் நைலான் கொசுவலையை மூன்று மடிப்பாகத் தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவே விரித்து, பத்து நாளைக்கு ஒரு மடிப்பாக எடுங்கள். விளக்கின் விசிறிக் காற்றை வலை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

நான் தடுக்கி விழுந்தது இதில் எதிலும் இல்லை. என் தொட்டி வளவு முற்றத்தை ஒட்டிய வடக்குப் பத்தியில் (தாழ்வாரத்தில்), தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் புது விளக்கை மாட்டி, மேலே சொன்னபடி பொறுமையாகக் கூட்டி 40 சதவீதத்தில் நிறுத்தியிருந்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. மழை விட்டு மார்கழிக் கடைசியில் வானம் தெளிந்தது. நாலே நாளில் லெதர் பவளத்தின் முற்றத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறிப்போனது. நான் எல்இடியைத்தான் குற்றம் சொன்னேன், 20 சதவீதத்துக்குக் குறைத்தேன், வெளுப்பு நிற்கவில்லை. ஒரு நாள் அப்பத்தா மிளகாய்ச் சொளகைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஏன் இங்கே என்று கேட்டேன். "மார்கழி தையில வெயில் இந்தப் பத்திக்குத்தானப்பா ஏறும், சித்திரையில முத்தத்துக்கு நடுவுல நேரா விழுகும்" என்றார்கள்.

அன்றைக்கு மதியம் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியாக நேர்வெயில் விழுகிறது. காரணம் எளிமையானது. நம் ஊர் 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி நடுப்பகல் சூரியன் உச்சிக்கு நேரே வரும். மார்கழியில் 33 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். தெற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் வடக்குப் பத்திக்குள்தானே நுழையும். மழைக்கால மேகம் மறைத்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நடுப்பகல் நேர்வெயிலின் பார் அளவு 2000த்தைத் தொடும். நூறு நூற்றைம்பதில் பழகிய பவளத்துக்கு அதில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே போதும்.

அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை இரண்டாக மடித்துத் தூண்களுக்கு நடுவே கட்டினோம். எல்இடியைப் பழையபடி 40க்குக் கொண்டுபோகாமல் 25இல் வைத்தேன். லெதர் தன் பழைய பழுப்பு நிறத்துக்குத் திரும்பப் பங்குனி ஆகிவிட்டது. அதனால் சொல்கிறேன், விளக்கை மாட்டும் முன் உங்கள் வீட்டில் தொட்டி மேல் எந்த மாதம், எந்த நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு மறைமுகமான வெளிச்சமும் உண்டு. வடிகட்டியில் புதிதாகக் கார்பன் (கரி) போட்டால் தண்ணீரின் மஞ்சள் சாயம் ஒரே நாளில் போய்விடும். விளக்கைத் தொடாமலே ஒளி கூடிவிடும். உப்புப் படிந்த மூடிக் கண்ணாடியைத் துடைத்தாலும் அப்படித்தான். பழக்கும் வாரங்களில் இவற்றையெல்லாம் செய்யாதீர்கள், அல்லது முன்பே செய்து முடித்துவிடுங்கள்.

பவளம் சொல்வதைக் கவனியுங்கள். மஷ்ரூம் ஓரத்தை உள்ளே சுருட்டிக்கொண்டு சிறுத்தால் ஒளி அதிகம். அகலமாக விரிந்து தட்டையாகக் கிடந்தால் ஒளி போதவில்லை. சோவாந்திட் காம்பை நீட்டி மேலே எழும்பினாலும் ஒளிக்கு ஏங்குகிறது என்று பொருள். லெதர் ஒரு வாரம் மூடிக்கொண்டு மெழுகு போல ஒரு தோலை உரிக்கும். அது இயல்பானது, பயந்துபோய் இடத்தை மாற்ற வேண்டாம். நிஜமாகவே வெளுத்தால் விளக்கைப் பாதியாகக் குறையுங்கள், முழு இருட்டில் போட்டுவிடாதீர்கள். பாசி திரும்பப் பெருக ஒளியும் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

சூடும் ஒளியும் சேர்ந்தால் பாதிப்பு இரட்டிப்பு. என் தொட்டியை 26, 27 பாகை செல்சியஸில் வைத்திருக்கிறேன். கோடையில் தண்ணீர்ப் பரப்பின் மேல் விசிறி வைத்தால் இரண்டு பாகையாவது இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும். தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். கத்திரியில் விளக்கு மாற்றவே வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்தது கடல் சூடேறியதால்தான். அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால் நம் இருநூறு லிட்டர் என்ன ஆகும்?

கேட்காவிட்டாலும் ஒன்று. கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மண்டபம் பக்கம் யாராவது உயிர்ப்பாறை என்று சொல்லி அவற்றைக் கொடுத்தால் தொடாதீர்கள். என்னிடம் இருப்பதெல்லாம் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த மென்பவளத் துண்டுகள்தான்.

வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், வெள்ளை ஒளியில் படம் எடுத்து வையுங்கள். மெதுவாக வெளிறுவது தினமும் பார்க்கிற கண்ணுக்குப் பிடிபடாது. முதல் படத்தைப் பழைய குழல் விளக்கின் கீழேயே, அதைக் கழற்றும் முன் எடுத்துவிடுங்கள்.