அம்மம்மாவின் புரூச்சைத் திருப்பிப் பாருங்கள்: கேள்வி பதில்

நூறு வருசப் பழைய, கல் பதித்த புரூச்சுகளை (உடுப்பில் ஊசியால் குத்தும் நகையை)ப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நகை திருத்தும் மேசையில் இருந்து பழகியவன் என்பதால், கையில் எடுத்துப் பார்க்கும் முறையிலேயே சொல்கிறேன்.

கல்லடி: அம்மம்மாவுக்கு அவரின் தாய் கொடுத்த புரூச். நடுவில் இளநீலக் கல், சுற்றிவரச் சின்ன முத்துகள். 1978 சூறாவளியில் கூரை போன இரவும் அதை மடியில் முடிந்து வைத்திருந்தாராம். எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தங்கச்சி, முதலில் அதைக் கவிழ்த்து வையுங்கள். முகப்பைப் பார்த்து எல்லோரும் மயங்கிவிடுவோம், வயதைச் சொல்வது பின்பக்கம்தான். ஊசி போய் மாட்டும் இடம் வெறும் வளைந்த கொக்கியாக, பூட்டு ஒன்றும் இல்லாமல் இருக்கிறதா? ஊசியின் நுனி புரூச்சின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டுகிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் 1900ஐ ஒட்டியோ அதற்கு முன்னரோ செய்தது. சுழற்றி மூடும் சின்னப் பூட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. ஆனால் மலிவான புரூச்சுகளில் வெறும் கொக்கி பிறகும் தொடர்ந்தது. அதனால் கொக்கியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பிணைச்சல், முத்திரை, கல் பதித்த விதம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். பூட்டைச் சுற்றி ஈயப் பற்று சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அது பிறகு மாற்றப்பட்டது.

இளநீலம் நம் நாட்டு நீலக்கல்லுக்கு ஒத்து வருகிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்சில் பாருங்கள், உள்ளே பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் தெரியலாம். கல்லை உலையில் மிகுந்த சூட்டில் வைத்து நிறமேற்றும் வேலை 1970களில்தான் பரவியது. ஆகவே புரூச்சில் இருப்பது முதலில் பதித்த கல்லே என்றால், அது அப்படிச் சுடப்படாத கல். இன்றைக்கு அதற்குத்தான் மதிப்பு. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் சோதனை அறிக்கை எடுக்கும் வரை யாருக்கும் விலை பேசாதீர்கள்.

காத்தான்குடி: உம்மம்மாவின் புரூச்சை ஒரு கடையில் உரசிப் பார்த்து, இது பித்தளை கலந்தது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் ஒரு நங்கூரமும் 375 என்ற எண்ணும் இருக்கின்றன.

ராத்தா, அது பித்தளை இல்லை. 375 என்றால் ஆயிரத்தில் 375 பங்கு தங்கம், அதாவது 9 காரட். நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரச் சோதனை முத்திரை. அருகில் ஓர் எழுத்தும் இருக்கும், அது வருடத்தைக் குறிக்கும். 22 காரட்டுக்குப் பழகிய உரைகல்லில் இது மங்கலாகத்தான் விழும். உரசியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, இந்த வகை நகை அவர் கைக்கு வந்திருக்காது. 15 என்றும் 625 என்றும் பதித்த புரூச்சுகளும் நம் வீடுகளில் உண்டு. இரண்டும் 15 காரட்டைக் குறிப்பவை. அந்தத் தரத்தை இங்கிலாந்தில் 1932இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்த முத்திரை இருந்தால் நகை அதற்கு முற்பட்டது.

உருக்கக் கொடுத்தால் 5 கிராம் புரூச்சில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு கிராமுக்கும் குறைந்த தங்கம். அதற்காக அதை அழிப்பதை நினைத்தாலே எனக்கு மனம் வலிக்கிறது.

கல்முனை: எங்கள் புரூச் 1915 அளவில் வாங்கியது என்பதற்கு வீட்டில் கடிதம் இருக்கிறது. நடுவில் சிவப்புக் கல், ஒரு பழுதும் இல்லை. அவ்வளவு பழையது என்றால் இயற்கை மாணிக்கம்தானே?

பழையது என்பதால் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரரான வெர்னாய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். 1910 அளவில் செயற்கை நீலமும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது புதுமை, நல்ல நகைகளிலும் பதித்தார்கள். லென்சில் பார்க்கும்போது இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்த வரிகளோ உருண்டைக் காற்றுக் குமிழிகளோ தெரிந்தால் செயற்கை. இயற்கைக் கல்லில் நிற வரிகள் நேராக, கோணம் கோணமாக ஓடும். ஒரு பழுதும் இல்லாத பெரிய சிவப்பு என்றால் நான் முதலில் சந்தேகப்பட்டுத்தான் பார்ப்பேன்.

அப்புறம், இது பச்சை, நீலக் கல் வைத்திருப்பவர்களுக்கும். அந்தக் காலத்தில் கண்ணாடியின் மேல் கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் மெல்லிய துண்டை ஒட்டிய கல்லும் ஏராளம். கல்லை வெள்ளைத் தாளில் முகம் கீழாக வையுங்கள். விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தால் அது ஒட்டுக் கல்.

அக்கரைப்பற்று: வெள்ளைக் கற்கள் நன்றாக மின்னுகின்றன. வைரமா?

மாத்தறை வைரம் என்று சொல்லும் வெள்ளைச் சிர்க்கோன் என்ற வேறொரு கல்லாக இருக்கலாம் நானா. லென்சில் மேலிருந்து பாருங்கள். பின்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் அது வைரம் இல்லை. சிர்க்கோனின் விளிம்புகள் தேய்ந்தும் இருக்கும்.

ஆரையம்பதி: பழப்புளியும் தேசிக்காயும் போட்டுக் கழுவலாமா? எங்கள் புரூச்சிலும் முத்து இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது, புளிப்பு பட்டால் அதன் பளபளப்பு கரைந்து போகும், திரும்ப வராது. அந்தச் சின்ன முத்துகளில் பல பாதியாக அறுத்து ஒட்டியவை, ஊறவைத்தால் பசை விட்டுவிடும். கல்லின் பின்பக்கம் மூடியிருந்தால் உள்ளே மினுக்குத் தகடு இருக்கலாம். ஈரம் போனால் தகடு கறுத்துக் கல்லும் செத்துப் போகும். மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்து உடனே உலர்த்துங்கள், போதும். வாவிக் காற்றில் உப்பு இருப்பதால் பஞ்சுத் துணியில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள்.

மட்டக்களப்பு நகர்: நாங்கள் பறங்கியர் குடும்பம். பாட்டி கவுனின் கழுத்தில் குத்திய புரூச், முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள். மகள் ஊசியை வெட்டிப் பென்டனாக்கச் சொல்கிறாள்.

வெள்ளை முகப்பு கறுக்காமல் இருக்கிறது என்றால் பிளாட்டினமாக இருக்கலாம். 1900களின் தொடக்கத்தில் தங்கத்தின் மேல் பிளாட்டினம் வைத்துச் செய்தார்கள். வெள்ளி என்றால் நம் ஊர்க் காற்றுக்குக் கறுத்திருக்கும்.

மகளின் ஆசை நியாயமானது, பெட்டிக்குள் கிடப்பதை விட அவள் கழுத்தில் கிடப்பது நல்லது. ஆனால் ஊசியை வெட்ட வேண்டாம். ஊசியில் கோத்து மாட்டும் சின்னக் குழாய் வளையம் செய்விக்கலாம். வேண்டாதபோது கழற்றினால் பழையபடி புரூச். வேறு ஏதாவது பற்ற வைக்க வேண்டி வந்தால், கல்லைக் கழற்றிய பிறகே தட்டார் நெருப்பை எடுக்க வேண்டும். பற்ற வைக்கப் பூசும் வெண்காரம் சூட்டில் பட்டால் நீலக்கல்லின் முகமே அரித்துப் போகும். அப்படிப் பாழான கற்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், கழற்றிய கல்லை உங்கள் கையில் வைத்திருங்கள்.