தலைசுற்றலுக்கும் பருவநிலைக்கும் தொடர்பு உண்டா என்பதை கூகுள் தேடலை வைத்து எப்படி ஆராய்கிறார்கள்?

தலை சுற்றினால் பலரும் டாக்டரிடம் போகும் முன்பே போனில் காரணம் தேடுகிறார்கள். அந்தத் தேடல்கள் எந்த மாதம், எந்தப் பகுதியில் கூடுகின்றன என்று, தேடல் போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் சேவையில் எடுத்து, அதே காலத்து வெப்பநிலை, காற்றழுத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். குடை விற்பனையைப் பார்த்து மழையைக் கணிப்பது மாதிரி. வீட்டிலேயே படுத்துச் சமாளிப்பவர்கள் மருத்துவமனைக் கணக்கில் வரமாட்டார்கள், தேடலில் வந்துவிடுவார்கள். இதன் பெரிய பலமே அதுதான்.

ஆனால் பிரபலம் ஒருவருக்குத் தலைசுற்றல் என்று செய்தி வந்தாலே தேடல் எகிறிவிடும். அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008இல் தொடங்கிய கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ், 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஃப்ளூ பாதிப்பை ஏறத்தாழ இரு மடங்காகக் கணித்தது.

அப்புறம், கூகுள் ட்ரெண்ட்ஸ் வரைபடத்தில் 100 என்றால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை; எடுத்துக்கொண்ட காலத்தில் தேடல் விகிதம் உச்சம் தொட்ட இடம் அது.