கோளரங்கம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: உலகின் முதல் கோளரங்கம் எது சார்?

எதைக் கோளரங்கம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குவிமாடத்தில் ஒளி பாய்ச்சி வானத்தைக் காட்டுவது என்றால், மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியம். 1923 அக்டோபர் 21 அன்று அங்கே முதன்முதலாகக் காட்டினார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிடப் பழையது. நெதர்லாந்தின் ஃபிரானேக்கர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் கூடத்தில் இருக்கிறது.

கேள்வி: வீட்டுக்குள்ளேயா? யார் கட்டியது?

ஐசே ஐசிங்கா. கம்பளி சீவுவது அவர் தொழில். 1774 மே மாதம் நிலவும் நான்கு கோள்களும் வானில் அருகருகே வந்தன. பூமி தடம்புரண்டு சூரியனில் விழும் என்று ஒரு சிறுநூல் கிளப்பிவிட, ஊரே நடுங்கியது. அப்படியெல்லாம் நடக்காது என்று வாயால் சொல்லாமல் கண்ணுக்குக் காட்டிவிடலாம் என்று ஐசிங்கா கூடத்தின் கூரையிலேயே சூரியக் குடும்பத்தை அமைத்தார். ஏழு வருட வேலை. மேலே பரணில் மரச்சக்கரங்கள். அவற்றின் பற்கள் ஒவ்வொன்றும் கையால் அடித்த இரும்பு ஆணி. ஓட்டுவது ஒரு ஊசல் கடிகாரம். சனி ஒரு சுற்று வர நிஜ வானத்தில் ஆவதுபோலவே 29 வருடத்துக்கு மேல் ஆகும். 1781இல் வேலை முடிந்தது. யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே வருடம்தான். அதனால் அந்தக் கூரை சனியோடு நின்றுவிட்டது. இன்றும் ஓடுகிறது.

கேள்வி: அப்புறம் எப்படி ப்ரொஜெக்டர் வந்தது?

டாய்ச்சஸ் மியூசியத்தை உருவாக்கிய ஆஸ்கர் ஃபான் மில்லருக்கு, ஆட்கள் உள்ளே நின்று பார்க்கும்படி சுழலும் வானம் வேண்டும். ஜெனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனத்திடம் கேட்டார். ஆளை உள்ளே வைத்து அவ்வளவு பெரிய உருண்டையைச் சுழற்றுவது பெரும்பாடு. அங்கிருந்த பொறியாளர் வால்தர் பௌவர்ஸ்ஃபெல்ட் 1919இல் விஷயத்தையே புரட்டிப் போட்டார்: மாடம் அசையாமல் இருக்கட்டும், நடுவிலிருக்கும் விளக்குக் கருவி சுழலட்டும். ஒத்திகைக்காகத் தொழிற்சாலை மொட்டைமாடியில் 16 மீட்டர் குவிமாடம் எழுந்தது. இரும்புக் கம்பி வலைமேல் மெல்லிய கான்கிரீட் பூச்சு. கட்டடக்கலைக்கே அது புது வழி. கருவியில் கிட்டத்தட்ட 4,500 விண்மீன்கள்.

கேள்வி: எறும்பு மாதிரி ஒரு கருவியைப் படத்தில் பார்த்தேன். அது இதுதானா?

இல்லை, அது இரண்டாம் மாடல். முதல் கருவி மியூனிக் அட்சரேகையின் வானத்தை மட்டும் காட்டும். இரண்டாவதில் வடகோளத்துக்கு ஓர் உருண்டை, தென்கோளத்துக்கு ஓர் உருண்டை, நடுவில் இடுப்பு. பூமியில் எந்த இடத்து வானமும் வரும், சுமார் 8,900 விண்மீன்களோடு.

கேள்வி: மொட்டைமாடிக்குப் போனால் இலவசமாகத் தெரியும் வானத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஏன் கூட்டம்?

நல்ல கேள்வி. ‘ஜெனாவின் அதிசயம்’ என்றே அன்று சொன்னார்கள். ஜெர்மன் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டின. 1929இல் மாஸ்கோ, 1930இல் சிகாகோவின் ஆட்லர். என் கணிப்பில், தெருவிளக்கு வந்தபின் நகரத்து ஆட்கள் தொலைத்த வானம் அங்கே கிடைத்தது. இன்னொன்று, காலம் கைக்குள் வந்தது: ஒரு வருடக் கோளோட்டத்தைச் சில நிமிடத்தில் பார்க்கலாம். விளக்கு மெல்ல மெல்ல மங்கி, கடைசி வெளிச்சமும் போய், திடீரென்று தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் நிற்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு ‘ஆ’ வரும், கேட்டிருக்கிறீர்களா? எத்தனை தடவை போனாலும் எனக்கும் அது வந்துவிடுகிறது.